பதினாறா, பதினெட்டா?

கேள்வி: மஹிந்திரா தாருக்கு ஆஃப்-ரோடு டயர் வாங்க வேண்டும். 16 இன்ச், 18 இன்ச், எது கட்டுப்படியாகும்?
- ஒரு வாசகர், கடப்பாக்கம்

பதில்: கடைக்காரர் ஒரு டயருக்கு விலை சொல்வார், ஸ்டெப்னியோடு ஐந்துக்கு பில் போடுவார். எனவே எதையும் ஐந்தால் பெருக்குங்கள்.

245/75 ஆர்16, 255/65 ஆர்18 இரண்டுமே தாருக்குக் கம்பெனி தந்த சைஸ்கள். மொத்த உயரத்தில் வித்தியாசம் ஒன்றரை சென்டிமீட்டர்தான். பக்கச்சுவரோ 16-இல் 184 மி.மீ., 18-இல் 166 மி.மீ. கல்லிலும் பள்ளத்திலும் ரிம்மைக் காப்பது அந்த ரப்பர். ஒரே பிராண்டு, ஒரே ட்ரெட் பேட்டர்ன் என்றால் பெரும்பாலும் 16-தான் மலிவு.

ஆனால் உங்கள் வண்டியில் 18 இருந்தால் அப்படியே ஓட்டுங்கள். மிச்சப்படுத்திய பணத்தைப் புது ரிம் விழுங்கிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு ஆல்-டெரெய்ன் போதும். மட்-டெரெய்ன் தார்ச் சாலையில் சீக்கிரம் தேயும், இரைச்சலும் போடும். விலையை ஓடும் கிலோமீட்டரால் வகுத்துப் பாருங்கள், உண்மை புரியும்.

ஒரு வேண்டுகோள்: உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள ஆலம்பரைக் கோட்டையை, வண்டியை மணலில் இறக்காமல், நடந்தே பாருங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை இந்தக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடும். எந்த சைஸ் டயரானாலும் அவற்றுக்கு ஆபத்துதான்.