தனியாகப் போக ஒரு கூட்டம்

தனியாகக் காட்டுக்குப் போக வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் முதலில் ஒரு கூட்டம் தேவைப்பட்டது. எண்பதுகளின் தொடக்கத்தில், மீசை சரியாக அரும்பாத வயதில், முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு தாமான் நெகாராவுக்குள் நான் மட்டும் நடக்கப்போகிறேன் என்று தோட்டத்து லயத்தில் அறிவித்ததுதான் தாமதம், என் தனிமைக்கு ஆளாளுக்குக் கை கொடுக்க வந்துவிட்டார்கள். மண்டோர் வந்தார், ஸ்டோர்காரர் வந்தார், காட்டையே பார்த்திராத பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து முதலை ஆற்றின் எந்தக் கரையில் படுத்திருக்கும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டுப் போனார். கிராணியாருக்கோ தாமான் நெகாரா கடைசிவரை ஐந்தாம் ஜார்ஜ் பூங்காதான். சுதந்திரம் வந்து பெயர் மாறியதை அவர் வதந்தி என்றே நினைத்திருந்தார். உங்கள் லயத்திலும் இப்படி நாலு பேர் இருந்திருப்பார்கள்.

திட்டமிடுவது என்றால் அப்போது கடிதம் எழுதுவது. வனவிலங்கு இலாகாவுக்கு மலாயில் நான் எழுதியதைக் கிராணியார் திருத்தி, தமிழ்ப்பள்ளி வாத்தியார் மறுபடியும் திருத்தி, கடைசியில் என் பெயர் மட்டும் என்னுடையதாக மிஞ்சிய அந்தக் கடிதத்தை அனுப்பிவிட்டு, வாரக்கணக்கில் தபால்காரரின் மணியோசைக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தால், ஒருநாள் ‘உருசான் ஸ்ரீ படுகா பகிண்டா’ என்று அச்சிட்ட பழுப்பு அரசாங்க உறை வரும். கோர்ட்டிலிருந்து ஓலை வந்துவிட்டது என்று அம்மா தாலியைத் தொட்டுக்கொள்வார். உள்ளே இருப்பது படகு புறப்படும் நேரம்.

வரைபடம் அதைவிட வேடிக்கை. கம்யூனிஸ்ட் போராளிகள் இன்னும் காட்டுக்குள் இருந்த நாட்கள். அவர்கள் ஆயுதத்தைக் கீழே வைக்க 1989 டிசம்பர் ஆயிற்று. அதனால் உருப்படியான வரைபடம் எதுவும் கண்டவன் கையில் கிடைக்காது. எதற்கு, யாருக்கு என்று விளக்கம் சொல்ல வேண்டும். எனக்கு வாய்த்தது பள்ளிக்கூட அட்லஸ். பகாங், கிளந்தான், திரெங்கானு என்று மூன்று மாநிலங்களில் 4,343 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் காடு அதில் கட்டைவிரல் அகலப் பச்சை. மேலே ஒரு நீலக் கோடு. மிச்சமெல்லாம் நானே வரைந்துகொண்டது. அந்த ராத்திரிகளில் மண்ணெண்ணெய் விளக்கடியில் நான் கண்டுபிடித்த அருவிகளில் ஒன்றுகூடப் பின்னால் அங்கே இல்லை. ஆனாலும் இன்றுவரை அவற்றை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

ரயில் பேச்சை எடுத்தால் மட்டும் தாத்தா எழுந்து வெளியே போய்விடுவார். கெமாஸிலிருந்து தும்பாட் வரை காட்டை ஊடறுத்து ஓடுகிற அந்தக் கிழக்குக்கரைப் பாதையில்தான் ஜெராண்டுட்டில் இறங்க வேண்டும். ஜப்பான்காரன் காலத்தில் அந்தப் பாதையின் தண்டவாளங்களில் ஒரு பகுதியைப் பெயர்த்துச் சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுபோனார்கள். தோட்டங்களிலிருந்து நம் ஆட்களையும் அப்படித்தான் பெயர்த்தார்கள். பாதையைப் பிறகு சீர்செய்துவிட்டார்கள். போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. உல்லாசப் பயணத்துக்கு அதில் ஏறப்போகிறேன் என்று குதித்த பேரனிடம் அவர் என்னதான் சொல்ல முடியும்?

மூட்டை கட்டியது தனிக் கதை. சார்டின் டின், மைலோ, கிரீம் கிராக்கர், கோடாலித் தைலம், அட்டைக்கு மருந்தாகப் புகையிலைத் தண்ணீரில் ஊறிய காலுறை. அம்மா, தாம் பால்மரம் வெட்டப் போட்டுக்கொண்டு போகும் கறுப்பு ரப்பர் சப்பாத்து மாதிரியே புதிதாக ஒன்று வாங்கி வைத்தார். சேற்றில் பிடிக்கும், நனைந்தால் உதறிவிட்டு நடக்கலாம். படித்த பிள்ளை அதைப் போடுவானா? கோலாலம்பூரில் பேரம் பேசி ஒரு பழைய ராணுவ பூட்ஸ் வாங்கினேன். அதன் கனத்தில் பாதி என் கௌரவம். இன்று அதே ரப்பர் சப்பாத்துக்கு ‘அடிடாஸ் கம்போங்’ என்று செல்லப் பெயர். மலையேறுகிறவர்கள் தேடி வாங்கி, காலைப் படம் பிடித்து உலகத்துக்கே காட்டுகிறார்கள். அம்மா இருந்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். ஒரு பார்வை பார்த்திருப்பார், அவ்வளவுதான்.

என் அண்ணன் மகன் போன மாதம் என் எதிரில் உட்கார்ந்து, தே தாரே ஆறுவதற்குள் பேருந்து, அறை, வழிகாட்டி எல்லாவற்றையும் கைபேசியிலேயே முடித்துவிட்டான். எந்த வளைவில் வழுக்கும் என்பதுகூட அவனுக்குத் தெரிந்திருக்கிறது. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நான் எதிரிலேயே இருந்தும். ஆனால் 2,187 மீட்டர் உயரமுள்ள தாஹான் மலையில் வழிகாட்டி இல்லாமல் ஏறக் கூடாது என்பது சட்டம், நல்ல சட்டம்தான். நாங்கள் கூட்டமாகத் திட்டம் போட்டுத் தனியாகப் போனோம், இவர்கள் தனியாகத் திட்டம் போட்டுக் கூட்டமாகப் போகிறார்கள். கோலா தெம்பெலிங்கிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர், மூன்று மணி நேரம் படகில் சும்மா உட்கார்ந்து போன இடத்துக்கு இப்போது தார்ச்சாலை இருக்கிறது. கம்பத்தில் பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி எடுத்தால் அந்தச் சாலையின் அருமை தெரியும். அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்தச் சும்மாவுக்காக மட்டும் கொஞ்சம் ஏங்குகிறேன்.

அம்மாவின் பயமெல்லாம் புலி. மலாய்க்காரர்கள் அதன் பெயரைக் காட்டில் உச்சரிக்க மாட்டார்கள், ‘தோக் பெலாங்’ என்று மரியாதையாகச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலேயே மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்துவிட்டார். இன்று தீபகற்பக் காடுகளில் மிஞ்சியிருக்கும் புலிகள் 150க்கும் குறைவு என்கிறது அரசாங்கக் கணக்கெடுப்பு. அண்ணன் மகனுக்கு ஒன்றையாவது பார்த்துவிட வேண்டுமாம். இப்போது காசு முடிய வேண்டியது புலிக்காகத்தான்.

நீங்களும் போவதாக இருந்தால் ஆண்டிறுதி அடைமழையைத் தவிர்த்துவிடுங்கள். சட்டைப்பையில் சில்லறை இருக்கட்டும்: நெடுங்காலமாக நுழைய 1 வெள்ளியும் கேமராவுக்கு 5 வெள்ளியும் வாங்கிவந்தார்கள். கைபேசி எப்படி ஐயா கேமரா ஆகும் என்று கவுண்டரில் வாதாடாதீர்கள்; பின்னால் வரிசை நிற்கும்.