மலை ஏறிய சமவெளிக்காரன்

எங்கள் திருத்துறைப்பூண்டியில் மேடு என்றால் களத்துமேடு, உயரம் என்றால் வைக்கோல்போர். கோடியக்கரைப் பக்கம் போனால் ராமர் பாதம் இருக்கிறது. அந்த வட்டாரத்திலேயே உயரமான இடம் என்று பெயர். போய்ப் பார்த்தால் மணல்மேடு. மலை வேண்டுமென்று ஆசைப்பட்ட சோழநாட்டார் சுவாமிமலையில் தாங்களே ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். தமிழ் வருடத்துக்கு ஒன்றாக 60 படி. நான் விகாரியிலேயே மூச்சு வாங்க உட்கார்ந்துவிடுகிற ஆள்.

இப்படிப்பட்டவனை என் மனைவி பர்வதமலைக்குக் கூப்பிட்டாள். திருவண்ணாமலை மாவட்டம், கலசபாக்கம் பக்கம். உயரம் 4,560 அடி என்கிறார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம் கூட்டமாக ஏறுகிறார்களாம். "கெழவன் கெழவியெல்லாம் ஏறுறாங்க, உங்களுக்கென்ன?" என்றாள். அந்தக் கிழவர்கள் யாரும் டீக்கடைக்குக்கூட மோட்டார் சைக்கிளில் போகிறவர்களாக இருக்கமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன!

தயாரிப்பு பலமாக நடந்தது. இளவட்டக்கல் தூக்கப் போகும் மாப்பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் மாப்பிள்ளைச் சம்பாக் கஞ்சி கொடுப்பார்களாம். எங்கள் பக்கத்து நெல் திருவிழாவில் சொல்லிச் சொல்லியே விதைநெல் கொடுப்பார்கள். தினமும் காலையில் எனக்கு அந்தக் கஞ்சிதான். வலு எங்கே போய்ச் சேர்ந்ததோ, இடுப்புச் சுற்றளவு கூடியது.

பர்வதமலைக்கு நவிரமலை என்று பழைய பெயர். நன்னனைப் பாடிய மலைபடுகடாமில் வருகிற மலை. கூத்தர்களுக்கு வழி சொல்லும் அந்த 583 அடிப் பாட்டில் பாம்பு இருக்கும், பாறை வழுக்கும், கொடியைப் பிடித்துக்கொள் என்று புலவர் எவ்வளவு பரிவாக எச்சரிக்கிறார்! என் வழிகாட்டிக்கு ஒரே சொல்தான் தெரியும்: "ஏறுங்க."

முதலில் படிக்கட்டு. தண்ணீர், புளிசாதம், பூஜைச் சாமான் எல்லாம் இருந்த பை புறப்படும்போது என் தோளில் இருந்தது. படி முடிவதற்குள் அவள் தோளுக்குப் போய்விட்டது. என் பொறுப்பில் மிஞ்சியது குடை. அதற்கப்புறம் காட்டுப் பாதை, உருண்டு கிடக்கும் கற்கள். வயலில் குனிந்து நாற்று நட்டு வளர்ந்தவள் அவள். முதுகு நிமிராமல் ஒரே சீராகப் போனாள். நான் வரப்பில் நின்று மேற்பார்வை பார்த்த பரம்பரை.

மேலே கடப்பாறை நெட்டு. செங்குத்துப் பாறையில் துளைபோட்டுக் கடப்பாறைகளை அடித்து, சங்கிலி கட்டியிருக்கிறார்கள். எத்தனையோ கைகள் பிடித்துப் பிடித்து இரும்பு வழவழவென்று இருக்கிறது, வெயிலேறினால் சுடுகிறது. எங்கள் ஊரில் கடப்பாறை தென்னங்கன்றுக்குக் குழி போடுகிற சாமான். அதில் தொங்கிக்கொண்டு நான் கீழே பார்த்தேன், பார்த்திருக்க வேண்டியதில்லை. பின்னால் வந்த பாட்டி, "சிவசிவான்னு சொல்லிக்கிட்டே ஏறு சாமி" என்றார். சொல்வதற்கு மூச்சு வேண்டாமா? குடையை அவர் வாங்கிக்கொண்டார்.

உச்சியில் மல்லிகார்ஜுனர், பிரமராம்பிகை. இங்கே பக்தர்கள் தங்கள் கையாலேயே அபிஷேகம் செய்யலாம். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் அபிஷேகத்தை முடித்து, விபூதி பூசி, புளிசாதப் பொட்டலத்தையும் பிரித்திருந்தாள். "உங்களுக்கும் சேத்து வேண்டிக்கிட்டேன்" என்றாள். என்ன வேண்டினாள் என்று நான் கேட்கவில்லை. இறங்கும்போது முழங்கால் நடுங்கிய கதையைச் சொன்னால் கோடாலித் தைல விளம்பரம் ஆகிவிடும்.

டெல்டாக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. போகிறதென்றால் விடிவதற்கு முன்பே அடிவாரத்தில் இருங்கள், தண்ணீரைக் கூடவே எடுத்துப் போங்கள். பௌர்ணமியன்று கூட்டமென்று பயப்படாதீர்கள், அன்றைக்கே போங்கள். கடப்பாறைப் பாதையில் வரிசை நகராது. எத்தனை நேரம் நின்றாலும் கூட்டத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம்.