ஐந்து பேர், ஒரு கடன்

கேள்வி: அமானா இக்தியார் கடனுக்கு ஐந்து பேர் குழுவாகச் சேர வேண்டுமாம். குழு என்றால் எல்லோரும் அடக்கி வாசிப்பார்களா, ‘மற்ற நாலு பேர் இருக்கிறார்களே’ என்று துணிந்து இறங்குவார்களா?
– வாசகி, கிள்ளான்

பதில்: இரண்டும் நடக்கும். யார் கணக்கு யாருக்குத் தெரியும் என்பதைப் பொறுத்தது.

வங்காளதேசத்து கிராமீன் வங்கி முறையை 1986-ல் நம் சிலாங்கூரில்தான் சோதித்துப் பார்த்தார்கள். மறு ஆண்டே அமானா இக்தியார் என்ற குறுங்கடன் அமைப்பு பிறந்தது. நகை, நிலம் எதுவும் கேட்பதில்லை. முகதாட்சண்யம்தான் அடமானம்!

கிரெக் ஃபிஷர் என்ற பொருளியலாளர் தமிழ்நாட்டில் குறுங்கடன் வாங்கியவர்களையே ஜோடி சேர்த்து, விளையாட்டுப் போல முதலீடு செய்யவிட்டார். ஆய்வு 2013-ல் வெளியானது. ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாதபோது துணிச்சல் பொங்கியது: நட்டம் வந்தால் கூட்டாளி தலையில், லாபம் வந்தால் தன் கைப்பையில். கூட்டாளி கண்காணிக்கலாம் என்றதும் நிலைமை தலைகீழ். நல்ல லாபம் தரக்கூடிய முயற்சியைக்கூடக் கைவிட்டார்கள். ஏற்கெனவே வடைக் கடை இருக்கும் தெருவில் இன்னொரு வடைக் கடை முளைப்பது ஏன் என்று இப்போது எனக்குப் புரிகிறது.

பெரு நாட்டில் நடந்த இதுபோன்ற சோதனையிலும் குழுக்கடன் துணிச்சலைக் கூட்டியது; கூட்டாளிகளைத் தாங்களே தேர்ந்தெடுத்தபோது அது சற்று அடங்கியது.

ஆகவே, தெங்கு கிளானா சாலையில் தீபாவளிக்குக் கடை போடக் கடன் வாங்குபவரா, அதே கடையில் சேலை எடுக்கக் கடன் வாங்குபவரா என்று பார்த்துச் சேருங்கள். நாத்தனார் என்பது தகுதியாகாது.