பேரு கிடைக்கலையா பேராண்டி?

வா பேராண்டி, உக்காரு. பொம்பளப் புள்ள பொறந்திருக்காமே? நல்ல சேதி. அப்புறம் மூஞ்சி ஏன் தொங்குது? பேரு கிடைக்கலையா?

ஊருல ஒருத்திக்கும் இல்லாத பேரா வேணுமாம். 'ஷ' வரணுமாம், 'ஸ்ரீ'யில முடியணுமாம். எதிர்வீட்டுக்காரனும் அதத்தானே தேடுறான்? நாளைக்குப் பள்ளிக்கூடத்துல டீச்சரம்மா ஒரு சத்தம் குடுத்தா அஞ்சு புள்ளைங்க எந்திரிச்சு நிக்கும். இதுதான் அபூர்வமா?

எண்கணிதக்காரன் வேற. இங்கிலீசுல ரெண்டு 'ஏ', ஒரு 'எச்' சேக்கச் சொன்னானாமே. சேத்தா புள்ள கலெக்டரா? சேக்காட்டி பால் குடிக்காதா?

சுத்துவட்டாரக் கோயிலுகள ஒருநாள் கண்ணத் தொறந்து பாரு. உய்யக்கொண்டான் திருமலையில மைவிழியம்மை. திருவெறும்பூருல நறுங்குழல்நாயகி. திருப்பராய்த்துறையில பசும்பொன்மயிலாம்பாள். ஸ்ரீரங்கத்துக்குள்ளயே சேரகுலவல்லி. திருநெடுங்களத்துக்காரி பேரு ஒப்பிலாநாயகி. அவளுக்கு மேல ஒப்பில்லாத பேர எந்தப் போன்ல தேடிப் புடிப்ப?

அம்புட்டுத் தூரம் வேணாம். மலைக்கோட்டை ஏறுறியே, உச்சிப் பிள்ளையாரப் பாக்குற அவசரத்துல நடுவுல இருக்குற தாயுமானவர் சந்நிதிய வுட்டுட்டு ஓடிருவ. அங்க அம்மன் பேரு மட்டுவார்குழலி. மட்டுன்னா தேன். வாருன்னா நீளம். குழல்னா கூந்தல். தேன் மணக்குற நீளக் கூந்தல்காரி. வடமொழியில சுகந்தி குந்தளாம்பிகைன்னு சொல்லுவாங்க. அப்பர் சாமி சிராப்பள்ளியப் பாடும்போதே இந்தக் கூந்தலும் பாட்டுல வந்துருச்சு. ஆயிரத்து முந்நூறு வருசத்துக்கு மேலாச்சுடா!

அவ வீட்டுக்காரரு கதை தெரியுமில்ல? இந்த ஊருல ரத்னாவதின்னு ஒரு செட்டிப்பொண்ணு. பேறுகாலம். பூம்புகாருலேருந்து ஆத்தாக்காரி கிளம்பி வந்தா காவேரியில வெள்ளம். அக்கரையிலயே நின்னுட்டா. இங்க புள்ளைக்கு வலி வந்துருச்சு. சிவனே ஆத்தா வேசத்துல வந்து பிரசவம் பாத்தாரு. வெள்ளம் வடிஞ்சு அசல் ஆத்தா வந்ததும் ஆளக் காணோம். தாயும் ஆனவரு, அதான் தாயுமானவர். உன் பொண்டாட்டி சுகமாப் பெத்தெடுக்கணும்னு வாழைத்தாரு நேந்துக்கிட்டியே, அவருக்குத்தான். காரியம் அவருகிட்ட, பேரு மட்டும் போன்கிட்டயா? என்னடா நியாயம் இது?

நாயக்கர் ஆண்ட காலத்துல கேடிலியப்ப பிள்ளைன்னு அரண்மனை உத்தியோகஸ்தர் ஒருத்தரு. மவனுக்கு அந்தச் சாமி பேரையே வச்சாரு. அந்த மவன்தான் பின்னால பாட்டாப் பாடுன தாயுமானவ சுவாமிகள். எந்த எண்கணிதக்காரன்கிட்ட சீட்டு வாங்கிட்டு வச்சாரு?

பேரு நீளமா இருக்குங்குறியா? திருவானைக்கா அகிலாண்டேஸ்வரி பேரு மட்டும் குட்டையா? அகிலான்னு சுருக்கி வீட்டுக்கு வீடு கூப்பிடலையா? பெரிய பேரு பொட்டிக்குள்ள இருக்குற பட்டுப்புடவை, நல்லநாளுக்கு எடுத்துக்கலாம். அடுப்படியிலேருந்து கத்திக் கூப்பிட ரெண்டு மூணு எழுத்துப் போதும். மூச்சு வாங்காம தெருமுனை வரைக்கும் கேக்குதா, அதப் பாரு.

அவசரமும் ஒண்ணுமில்ல. பொறப்ப 21 நாளுக்குள்ள பதிஞ்சிரு. பேர 12 மாசத்துக்குள்ள சேத்தா காசில்ல. தாமதக் கட்டணம் கட்டுனா 15 வருசம் வரைக்கும் சேக்கலாம். அது வரைக்கும் தேடுனியானா அவளே ஒரு பேர வச்சுக்கிட்டு பத்தாங்கிளாஸ் பரீட்சை எழுதப் போயிருவா.

நட்சத்திரம் என்ன சொன்ன? திருவாதிரையா? ஜோசியரு கு, க, ங, ச-ன்னு எழுதிக் குடுத்தாரா? 'ங'வுல ஒரு பேரு சொல்லு பாப்போம். முழிக்கிறியே! மொத எழுத்தப் பாருடா. கு. கூப்பிடுற பேருக்குத்தானே அந்த எழுத்து? குழலிக்கும் அதே கு தான். சர்ட்டிபிகேட்டுல மட்டுவார்குழலி, வாசல்ல குழலி. சோலி முடிஞ்சுது.

கிளம்பு. காந்தி மார்க்கெட்டுல தாரு விலை ஏறுறதுக்குள்ள அந்த நேர்த்திக்கடன அடைச்சுப்புட்டு வா.