அத்தோ கடையில் இரண்டாவது சூப்: ஓர் ஆய்வு

சென்னையில் பாரிமுனைக்கும் பீச் ஸ்டேஷனுக்கும் நடுவே சாயங்காலத்தில் நின்றபடியே அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸைத் தின்றவர்கள் ஏராளம். அங்கே ஓசியில் தரும் சூப்பை எத்தனை முறை கேட்கலாம் என்பது பற்றி மட்டும் அவர்களில் ஒருவரும் வாய் திறந்ததில்லை. வாய் வேறு வேலையில் இருந்திருக்கலாம்.

முதலில் சொல்லாய்வு. பர்மிய மொழியில் 'தோ' என்றால் கையால் பிசைவது. முன்னால் ஓர் 'அ' சேர்ந்தால் பிசைந்தது. தேயிலையைப் பிசைந்தாலும் இஞ்சியைப் பிசைந்தாலும் அங்கே 'தோ'தான். நூடுல்ஸுக்குக் கவ்சுவே என்று தனிப்பெயரே உண்டு. நம்மவர்கள் பொருளைக் கழற்றிவிட்டு வினையை மட்டும் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். ஆகவே, "ஒரு அத்தோ" என்பவர் உண்மையில் கேட்பது "பிசைஞ்சது ஒரு பிளேட்".

கப்பல் வந்த கதை தெரிந்ததே. 1962இல் பர்மாவில் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகள் நாட்டுடைமையாயின, 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. தலைமுறைகளாய் அங்கிருந்த தமிழர்கள் மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கினார்கள். வியாசர்பாடிப் பக்கம் குடிசை போட்டார்கள். 1969இல் ராஜாஜி சாலையோரம் பர்மா பஜார் வந்தது. நகையும் பணமும் அக்கரையோடு நின்றுவிட, நாக்கு மட்டும் சோதனையில் சிக்காமல் வந்து சேர்ந்தது.

சூப்பின் வம்சாவளி இன்னும் சோகமானது. அதன் மூதாதையான மொஹிங்கா பர்மாவில் காலைச் சாப்பாடு: மீன் சாறு, வாழைத்தண்டு, கெட்டிப்படக் கடலைமாவு, அதில் அரிசி நூடுல்ஸ். நான் நிற்கும் கடையில் மீன் கழன்று தண்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது. முழுச் சாப்பாடாக இருந்தது தொட்டுக்கொள்ளும் கிண்ணமாகிவிட்டது. விலைப்பட்டியலில் இல்லாத ஒன்றை எந்த முகத்தோடு மறுபடி கேட்பது? ஆய்வுச் சிக்கல் இதுதான்.

களப்பணியில் கண்டவை. கிண்ணத்தைத் தலைகீழாய்க் கவிழ்த்துக் கடைசிச் சொட்டை உறிஞ்சுவோர் ஒரு சாரார். இவர்கள் கேட்பதில்லை, கேட்க வைக்கிறார்கள். "காரம் ஏறிடுச்சுண்ணா" என்று உஸ் உஸ் என்போர் இன்னொரு சாரார். கூட வந்தவருக்கு என்று வாங்கித் தானே குடிப்பவரை நான் வகைப்படுத்த விரும்பவில்லை, அது நான்தான்.

இத்தனைக்கும் கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஆரஞ்சு நிற நூடுல்ஸ், கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், புளித்தண்ணீர். மேலே பேஜோ என்னும் மொறுமொறுப்பான தட்டை ஒன்றை உள்ளங்கையில் வைத்து நொறுக்குகிறார். அப்பளம் மாதிரிச் சத்தம். ஐந்து விரலும் உள்ளே போய் நாலு புரட்டு புரட்டி வெளியே வருகின்றன. அந்தக் கைக்கு அளவுக்கரண்டி கிடையாது.

ஒப்பாய்வுக்காக வீட்டிலும் சூப் செய்துபார்த்தோம். வாழைத்தண்டை வில்லை வில்லையாய் நறுக்கி, நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்ததில் ஒரு மணி நேரம் போனது. பூண்டு கருகியது என் பொறுப்பு. ஆனாலும் சூப் உண்மையிலேயே நன்றாக வந்தது. ஒரு குண்டான் நிறைய.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்றாள் மனைவி.

"போதும்."

பிள்ளைகளும் போதும் என்றார்கள். குண்டானை மூடி ஃபிரிட்ஜில் வைத்தோம். கேட்டால் கிடைக்கும் என்பது உறுதியான இடத்தில் யாரும் கேட்கவில்லை. இதை விளக்கும் கோட்பாடு இன்னும் என் கைவசமில்லை என்பதால் மறுநாளே களத்துக்குத் திரும்பினேன்.

சட்டைப் பையில் குறிப்பேடு, கையில் கிண்ணம். முதல் சூப், இரண்டாவது சூப், தடையில்லை. மூன்றாவதற்குக் கையை நீட்டியபோது கடைக்காரர் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"சூப்பு ஊத்துறேன் சார். அப்படியே அத்தோவும் ஒண்ணு போடவா?"