68,000 வாலா

சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் ஆடிப்பெருக்கன்று வெளியாகும். அதனால் டிசைன் வேலை நெருக்குவது சித்திரை, வைகாசியில்தான். விருதுநகர் ஜில்லாவில் வெயிலும் அப்போதுதான் ஓவர்டைம் பார்க்கும். வள்ளி தெய்வானையோடு ஒரு முருகனைத் திரையில் திறந்தாலே என் கம்ப்யூட்டர் ஃபேன் சீற ஆரம்பித்துவிடும். வெடி ஆபீசில் போர்மேனாக இருக்கும் பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கு அந்தச் சத்தம் ஆகாது. அவர் தொழிலில் சீறல் கேட்டால் ஓடணும்.

மெஷினில் இருப்பது லினக்ஸ். காசு வாங்காது, வேலை வாங்கும். ஃபேனை அடக்க எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பை ஏற்றி, வெப்பம் பதிவாகும் ஃபைலைத் திறந்தேன். 68000 என்றிருந்தது. டிகிரியை ஆயிரம் கூறு போட்டு எழுதுவது லினக்ஸின் வழக்கம்; விஷயம் வெறும் 68 டிகிரிதான். எட்டிப் பார்த்த அண்ணாச்சி, "அறுபத்தெட்டாயிரம் வாலாவா? உள்ளாற யாரு தம்பி சரம் பின்னுறது?" என்றார்.

அடுத்து, ஃபேன் வேகத்தை அமைத்துத் தரும் பிடபிள்யூஎம்கான்ஃபிக். எந்தக் கட்டுப்பாடு எந்த ஃபேனுக்கு என்று அதற்கே தெரியாது. புது வீட்டு சுவிட்ச் போர்டைத் தட்டிப் பார்ப்பதுபோல, ஒவ்வொரு ஃபேனாகச் சில நொடி நிறுத்தி, எது படுக்கிறது என்று பார்க்கும். வேகத்துக்கு 0 முதல் 255 வரை எண். நின்ற ஃபேனைக் கிளப்ப ஓர் எண். கிளம்பியது நிற்காமல் ஓட அதைவிடச் சின்ன எண் போதும். கிளப்புவதுதான் பாடு என்று நான் விளக்கியதும் அண்ணாச்சி தன் மருமகனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

ராத்திரி ஹெச்டபிள்யூமான்2 என்று பேர் சொன்ன சென்சார், காலையில் மெஷினை ஆன் செய்ததும் ஹெச்டபிள்யூமான்3 ஆகிவிட்டது. எந்த டிரைவர் முந்துகிறதோ அதற்கு முந்தின எண், பஸ்ஸ்டாண்ட் நியாயம். 'ஆள் மாறிவிட்டது, எல்லாவற்றையும் மறுபடி எழுது' என்று, அந்த அமைப்பின்படி ஃபேனை ஓட்டும் ஃபேன்கண்ட்ரோல் கைவிரித்தது. டிரைவர்கள் வரிசையாக ஏறும்படி எழுதிவைத்தபின்தான் வழிக்கு வந்தது.

ஆனால் சத்தம் மட்டும் குறையவில்லை. காரணம், பிடபிள்யூஎம்கான்ஃபிக் தானாக முன்மொழியும் அளவுகள்: 20 டிகிரிக்குக் கீழே போனால் ஃபேன் மெதுவாகச் சுற்றட்டும், 60-ஐத் தாண்டினால் முழு வேகம். இருபதா! இங்கே அக்னி நட்சத்திரத்தில் அறையே 40-ஐத் தொடும். ஃபேன் அறைக்காற்றைத்தான் அள்ளி வீசும்; அதைவிடக் குளிர்ச்சிக்கு அது எங்கே போகும்? "எங்க ஆபீஸ்ல வெயிலுக்குப் பயந்து விடிகாலையிலயே மருந்து கலந்துருவோம். இதை எழுதுன ஆளு வெயிலயே பார்த்ததில்லை போல" என்றார் அண்ணாச்சி.

ஹீட்சிங்கில் அப்பியிருந்த காகிதத் தூசியை ஊதித் தள்ளி, சிப் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துக்கொண்டு, 20-ஐ 50 ஆக்கினேன், 60-ஐ 80 ஆக்கினேன். ஃபைலைத் திறந்து நம்மூர் வெயிலை எழுதிவிடலாம். லினக்ஸில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

ஃபேன் அடங்கியது. அடங்கியதும் தலைக்கு மேலே சீலிங் ஃபேன் கடகடப்பது காதில் விழுந்தது. அதன் ரெகுலேட்டரில் ஒன்று முதல் நாலு வரை ஒரே வேகம்; அஞ்சில் வைத்தால் கரண்ட் போய்விடும்.

அண்ணாச்சி அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கும் ஒரு ஃபைல் இருக்கும்ல தம்பி? தெறந்து பாரேன்."