வௌவாலும் விலைபோகும்

1982 ஜனவரியில் அமெரிக்காவின் டெ மாய்ன் நகரக் கச்சேரியில், ரசிகர் வீசிய வௌவாலை ரப்பர் பொம்மை என்று நினைத்துத் தலையைக் கடித்துவிட்டார் ராக் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன். மேடையிலிருந்து நேரே ஆஸ்பத்திரி. நாய்க்கடிக்குப் போடும் அதே ஊசி. போகட்டும். முந்தைய ஆண்டு இசைத்தட்டு கம்பெனிக் கூட்டத்தில் புறாவின் தலையைக் கடித்தாரே, அதையும் ரப்பர் என்று சொல்ல அவருக்கே வாய் வரவில்லை.

அடுத்த மாதம் சான் அன்டோனியோ. குடிக்கக் கிளம்பிவிடக் கூடாதென்று காதலி ஷேரன் துணிமணிகளை ஒளித்துவைத்தார். மனிதர் அசரவில்லை. ஷேரனின் கவுனையே மாட்டிக்கொண்டு போய், அலமோ கோட்டைப் போரில் உயிர்விட்ட வீரர்களின் நினைவுத்தூணில் சிறுநீர் கழித்துக் கைதானார். பத்து வருடம் அந்த ஊரில் பாடத் தடை. 1992-இல் மன்னிப்போடு 10,000 டாலர் நன்கொடையும் வந்தது, தியாகிகள் சமாதானமானார்கள்.

2002-இல் வெள்ளை மாளிகை நிருபர்கள் விருந்துக்கு அழைப்பு. அதிபர் புஷ் மேடையிலிருந்தே பேர் சொல்லிக் கலாய்த்தார். 2019-இல், கடித்ததன் 37-ஆம் ஆண்டு நினைவாக, தலையைக் கழற்றி மாட்டும் வௌவால் பொம்மை விற்பனைக்கு வந்தது. விலை 40 டாலர். சில மணி நேரத்தில் தீர்ந்துபோனது.